தலைவரை எடைபோடுவது எப்படி: மலையகத் தோட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலையகத் தோட்டங்களில் வாழ்வோரின் கையில் இரண்டு வகையான தெரிவுகள் இருக்கின்றன. தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிக்குத் தலைவரையும் மாதர் தலைவியையும் தெரிவு செய்வது ஒன்று; பிரதேச சபையிலிருந்து பாராளுமன்றம் வரை வாக்களிப்பது மற்றொன்று. இரண்டிலும் நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆள் பலமானவரா?" கேள்வி தவறானதன்று. ஆனால் பலம் என்று எதைக் கொள்வது, அந்தப் பலத்தை உடையவர் தலைமைக்குத் தகுந்தவர்தானா என்பதை எப்படி அறிவது என்ற இரண்டையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளாமல் கேட்டால், கூட்டத்தில் உரத்துப் பேசியவரே அதற்குப் பதிலாக வந்து நிற்பார். கீழே சொல்லப்படுவது, தெரிவுக்கு ஒரு மாதம் முன்பாகவே ஒரு டிவிசனை (தோட்டத்தின் ஒரு பிரிவை)ச் சேர்ந்த நாலைந்து பேர் கூடியிருந்து செய்து பார்க்கக்கூடிய ஒரு முறை. அந்த நாலைந்து பேரில் பாதிக்குக் குறையாமல் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகவே வைக்கிறேன். மலையில் நடப்பதை நேரில் காண்பவர்கள் அவர்களே.

கழிவை முதலில் கழியுங்கள்

கொழுந்து மடுவத்தில் தராசில் ஏறிய எடை முழுவதும் நம் பெயரில் எழுதப்படுவதில்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டே எழுதுகிறார்கள். தலைவராக வர விரும்புபவரை நிறுக்கும்போது நாம் மட்டும் ஏன் கழிவு பார்க்காமல் எழுத வேண்டும்? அமைச்சரோடு நின்று எடுத்த படம், வீட்டு வாசலில் நிற்கும் வாகனம், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் துரையை, அதாவது தோட்ட முகாமையாளரை, பார்த்து ஒருமுறை சத்தம் போட்ட கதை, தகப்பனாரும் தலைவராக இருந்தவர் என்ற பெருமை, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பாதிப் பேர் சொந்தக்காரர்கள் என்ற கணக்கு ஆகிய இவையெல்லாம் ஈரத்தின் எடை. சாதியும் அப்படித்தான். அதை வெளியே எவரும் சொல்வதில்லை; ஆனால் பெயர்கள் முன்மொழியப்படும்போது அது அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை.

இவற்றைவிடக் கவனமாகக் கழிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் ஒருவருக்குக் கடன்பட்டிருப்பதால் அவருக்கு உண்டாகும் பலத்தை அவருடைய சொந்தப் பலமென்று எண்ணிவிடக்கூடாது. நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பெரிய கங்காணியை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவர் அவர்; வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர்; சம்பளத்துக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்றவரும் அவரே. தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் துண்டு முறை நடைமுறையில் இருந்த வரையில், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் தலைமேல் இருந்த கடனும் அந்தத் துண்டோடு கூடவே போனது. 1921 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை பெரிய கங்காணியைவிடப் பலமான மனிதர் எந்தத் தோட்டத்திலும் இருக்கவில்லை. ஆயினும் அந்தப் பலத்தில் பெரும்பங்கு நம் ஆட்களின் வறுமையிலிருந்து எடுக்கப்பட்டதே. இன்றும் வட்டிக்குப் பணம் விடுபவர், கடையில் கடன் பற்று எழுதுபவர், குத்தகை வேலைக்கு ஆள் சேர்ப்பவர் ஆகியோர் தலைவர் பதவிக்கு வரும்போது, "இவர் பலமானவர்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று நம் பற்றுப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கு எடைகள்

கழிவு போன பிறகு எஞ்சுவதை நிறுக்க வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தின் முதற் குறளிலேயே படிக்கற்களைத் தந்திருக்கிறார்: "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்." செய்ய எடுத்துக்கொண்ட வேலையின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பவனின் வலிமை, இரு பக்கத்துக்கும் துணையாக வருவோரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்ட பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் பொருள். இதில் கவனிக்க வேண்டியது, தன் வலிமை நான்கில் ஒன்றாக மட்டுமே வருகிறது என்பது. நம் தெரிவுகளில் நாம் அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

வினைவலியைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். "இந்தப் பதவியால் எதைச் செய்ய முடியாது?" என்று வேட்பாளரிடம் கேளுங்கள். முடியும் என்று சொல்வதற்கு எவருக்கும் பயிற்சி தேவையில்லை. முடியாததைச் சொல்வதற்குத்தான் பதவியைப் பற்றிய அறிவு வேண்டும். பிரதேச சபையின் வேலை உள்ளூர்ப் பாதை, வடிகால், குப்பை, பொதுச் சந்தை, நூலகம், மயானம் போன்றவை. நாட்சம்பளம் அதன் கையில் இல்லை. லயக் காம்பராவுக்குப் பதிலாக வீட்டுக் காணி உறுதி தருவதும் அதன் கையில் இல்லை. அப்படியிருக்க, சபைத் தேர்தலில் நின்றுகொண்டு சம்பள உயர்வு வாங்கித் தருவதாகச் சொல்பவர் ஒன்று தாம் கேட்கும் பதவியை அறியாதவர், அல்லது நமக்கு அது தெரியாது என்று நம்புபவர்.

அதே சமயம், சபையால் முடிந்ததைக்கூட முடியாது என்று சொல்லித் தப்பிப்பவரும் உண்டு. பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு நெடுங்காலம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்களின் வாக்கில் உறுப்பினரானவர் தோட்டத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் போடவும் வழியில்லாத நிலை அது. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே "தோட்டத்துக்குள் சபை வர முடியாது" என்ற பழைய பதிலை இன்றும் எவராவது சொன்னால், திருத்தத்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

தோட்டத் தலைவரின் எல்லை வேறு. அரைப்பேர் போட்டது (ஒரு நாள் வேலைக்கு முழுப் பேர் எழுதாமல் பாதி நாளாகப் பதிந்தது), எடையில் அளவுக்கு மீறிக் கழித்தது, சுகவீன விடுமுறையை மறுத்தது, சேமலாப நிதிப் பணத்தைக் காலத்தில் செலுத்தாதது போன்றவற்றைத் தோட்ட அலுவலகத்திலும், அங்கே தீராவிட்டால் தொழில் திணைக்களத்திலும் எழுப்புவதே அவருடைய அன்றாட வேலை. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் சேர வேண்டும்; நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம் செலுத்த வேண்டும். தலைவராக வர விரும்புபவருக்கு இந்த மூன்று எண்கள் தெரியுமா என்று பாருங்கள். தெரியாதவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாமல் சம்பளத்துக்காக வாதாட முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

தன்வலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடிதம் எழுதத் தெரிய வேண்டும், அல்லது எழுதத் தெரிந்தவரைக் கூச்சமில்லாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் சிங்களத்தில் தரப்படும் தாளை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைப்பவராக இருக்கக்கூடாது. இரவில் எழுப்பினால் தெளிந்த தலையோடு எழுந்து வருபவராக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை வெளிப்படையாகக் கேட்பதற்கு நாம் தயங்குகிறோம். மாதர் தலைவிகள் தயங்குவதில்லை.

மாற்றான் வலியை அறியாத தலைவர் நமக்கு உண்டாக்கும் சேதம் பெரிது. 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகியாக அவரை நினைவுகூருகிறோம். அந்த மரணத்துக்குரிய மரியாதையோடு, அதிலிருந்து தலைமை பற்றிய ஒரு பாடத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும்: தோட்டத்தில் எதிர்நிற்பவர் துரை ஒருவர் மட்டுமே என்று கணக்குப் போடுபவர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். துரையின் பின்னால் கம்பனியும், கம்பனியின் பின்னால் சட்டத்தரணிகளும், தேவைப்படும்போது பொலிசும் நிற்கக்கூடும்.

நாட்சம்பளமாக 1,000 ரூபாய் கேட்ட கோரிக்கையின் வரலாறு இதற்கு அண்மைய உதாரணம். மேடைகளில் அது எளிதான எண்ணாகவே முழங்கப்பட்டது. 2019 ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தமோ அடிப்படைச் சம்பளத்தை 500 ரூபாயிலிருந்து 700 ரூபாய்க்கே உயர்த்தியது. 1,000 ரூபாய் 2021 இல் சம்பள நிர்ணய சபையின் வழியாகத்தான் வந்தது. வந்ததும், ஒரு பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற தகராறு பல தோட்டங்களில் எழுந்தது, கூட்டு ஒப்பந்த முறையும் நின்றுபோனது. கோரிக்கை நியாயமானதா என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சம்பளத்தை உயர்த்தினால் கம்பனி அடுத்ததாக எங்கே கை வைக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, கிலோவையும் வேலை நாட்களையும் அதே பேச்சுவார்த்தையில் கட்டிப்போட வேண்டும் என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? வேட்பாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி அதுதான்: "நாம் இதைக் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள், அதற்கு நாம் என்ன செய்வோம்?" வேலைநிறுத்தத்துக்கு அழைப்பவரிடம் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: பேர் விழாத நாட்களில் எத்தனை வீடுகளில் எத்தனை நாளுக்கு மாவு இருக்கும் என்று அவர் விசாரித்தாரா? விசாரித்திருந்தால் அவர் பேச்சைத் தொடர்ந்து கேளுங்கள்.

துணைவலி: கண்டியிலிருந்து ஒரு வழக்கு

நான்காவது எடையில் சற்று நின்று பார்க்க வேண்டும். அதை விளக்க நம் மலைகளிலேயே நடந்த ஒரு வரலாறு இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரையோடு உறவுடைய நாயக்கர் வழியில் வந்தவன். 1798 இல் அரியணை ஏறினான். 1803 இன் தொடக்கத்தில் ஆங்கிலேயப் படை கண்டியை நோக்கி வந்தபோது, தலைநகரைக் காப்பாற்ற அவன் உயிரைக் கொடுத்துப் போரிடவில்லை. நகரைக் காலி செய்துவிட்டு மலைக்குள் பின்வாங்கினான். படை வெறும் நகருக்குள் நுழைந்து, முத்துசாமி என்பவரைத் தன் அரசனாக நிறுத்தியது. பிறகு மழையும் காய்ச்சலும் தங்கள் வேலையைச் செய்தன. வழிகளும் சாப்பாடும் அடைபட்டன. ஜூன் மாதத்தில் எஞ்சியிருந்த படை சரணடைந்து அழிந்தது. பின்வாங்கியதைப் பார்த்தவர்கள் அன்று அவனைக் கோழை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நால்வகை வலியையும் தூக்கிப் பார்த்த ஒருவன் செய்யக்கூடியதையே அவன் செய்தான்: எதிரியின் துப்பாக்கிப் பலம் தன்னிடம் இல்லை என்பதும், தன் மலையும் மழையும் எதிரியிடம் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தன.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1815 இல், அதே மலைகளின் ஊடாக ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். மன்னனும் அவனே, காடுகளும் கணவாய்களும் அவையே. ஆனாலும் இம்முறை சொல்லத்தக்க எதிர்ப்பு எதுவும் இருக்கவில்லை. பெப்ரவரி 18 ஆம் திகதி மெதமகாநுவரைப் பக்கத்தில் அவன் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் திகதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே 1832 இல் இறந்தான். இடையில் மாறியது துணைவலி. பிரதானிகளுக்கும் மன்னனுக்கும் இடையே சந்தேகம் முற்றியது. சப்பிரகமுவையின் திசாவையாக (மாகாண அதிகாரியாக) இருந்த எகலப்பொல 1814 இல் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவியும் சிறு பிள்ளைகளும் மன்னனின் ஆணையால் கண்டியில் கொல்லப்பட்டனர். பிரதானிகள் யோக்கியர்கள் என்றோ, ஆங்கிலேயர் சூது செய்யவில்லை என்றோ இங்கே வாதிடவில்லை. ஆங்கிலேயர் சூது செய்வது எப்போதும் உள்ளதுதான். அந்தச் சூதுக்கு ஆள் கிடைக்கும்படி செய்தது மன்னனின் தண்டனை. "அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை" என்ற குறளை அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு படித்தால், அது நீதிபோதனையாகத் தோன்றுவதில்லை. போர்க்களக் கணக்காகவே தோன்றும்.

இதே நாயக்கர் மரபைச் சேர்ந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனை இவனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1747 முதல் 1782 வரை ஆண்ட அவனும் குடிகளுக்கு மொழியாலும் மரபாலும் அந்நியனே. 1753 இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவேற்பை, மீண்டும் ஏற்படுத்த உதவினான். கண்டிப் பெரகரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லான தந்த தாதுவுக்கு முதன்மை இடம் கொடுத்தான். 1760 இல் அவனைக் கொல்ல ஒரு சதியும் நடந்தது; அதையும் தாண்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். அந்நியனாக வந்தவன், தான் ஆளும் மக்கள் எதைப் பெரிதாக மதிக்கிறார்களோ அதைக் காத்து நின்றதால் துணை தேடிக்கொண்டான். நம் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து வாக்குக் கேட்பவரை இந்த அளவால் நிறுக்கலாம்: நாம் மதிப்பவற்றில் அவர் எதைக் காத்தார்?

வேட்பாளருக்குப் பொருத்திப் பார்க்கும்போது துணைவலி என்பது அவரோடு மேடையில் நிற்போரின் எண்ணிக்கையாகாது. அவரோடு முன்பு வேலை செய்தவர்கள், குறிப்பாக அவரோடு முரண்பட்டு விலகியவர்கள், இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். விலகியவர் இன்னும் அவரோடு பேச்சுவார்த்தையில் இருந்தால் ஒரு பொருள். விலகிய ஒவ்வொருவருக்கும் ஏதோவொரு வகையில் வேலையோ பேரோ பறிபோயிருந்தால் வேறு பொருள்.

துணைவலிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நம் வரலாறு கசப்பாகவே கற்றுத் தந்திருக்கிறது. 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஆயினும் 1948 இன் குடியுரிமைச் சட்டத்தை அந்த ஏழு பேரால் தடுத்து நிறுத்த முடியவில்லை. நம் மக்களின் குடியுரிமை போனதும் வாக்கும் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த 975,000 பேரைப் பற்றிப் பேசி, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, மீதி 150,000 பேரைப் பின்னொரு நாளைக்கு ஒதுக்கி வைத்தது. அத்தனை பேரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. 1977 இல்தான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றார். தலைவரின் பலம் வாக்குள்ள மக்களிடமிருந்து வருகிறது என்பது மேடை வசனமாகக் கேட்டுப் புளித்துப்போனது. வாக்கில்லாத ஒரு தலைமுறை வாழ்ந்த இடத்தில் அது வெறும் உண்மை.

தகுதியை எங்கே பார்ப்பது

நான்கு எடைகளிலும் தேறியவர் திறமையானவர் என்பது உறுதி. தகுந்தவர் என்பது இன்னும் உறுதியில்லை. பெரிய கங்காணிகளில் திறமையற்றவர் எவரும் இருந்திருக்க முடியாது. தகுதிக்குச் சோதனை வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு ஆவணமும் இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்களில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்க்கிறோம்; சாவு வீட்டுச் செலவுக்கு உதவ மரணாதாரச் சங்கம் வைத்திருக்கிறோம். தலைவராக வர விரும்புபவர் இவற்றில் ஏதாவது ஒரு பொறுப்பில் இருந்திருப்பார். அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். வள்ளுவர் இறைமாட்சியில் "இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்" என்று அரசின் வேலையை நான்காகச் சொல்கிறார்: பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, காத்ததை முறையாகப் பங்கிடுவது. பட்டாசுக்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு போனது, மழைக்கு ஒழுகும் கோயில் தகரத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, செத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அன்றைக்கே கொடுக்கப்பட்டதா, கட்சி மாறியவர் வீட்டுச் சாவுக்கும் அதே அளவு போனதா என்பவற்றைப் பார்த்தால் நான்காவது வேலையில் அவர் எப்படி என்பது தெரிந்துவிடும். கடைசிக் கேள்வியே எல்லாவற்றிலும் கூர்மையானது. சேர்ப்பதிலும் காப்பதிலும் கெட்டிக்காரர் பலர் பங்கிடும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பணம் கேட்கும் விதத்தையும் பாருங்கள். "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" என்பது கொடுங்கோன்மை அதிகாரத்தின் குறள். வழிப்பறிக்காரன் வேலைப் பிடித்துக்கொண்டு "கொடு" என்பதும், ஆட்சிக் கோலைப் பிடித்தவன் குடிகளிடம் வந்து பொருள் கேட்பதும் ஒன்றே என்கிறது. சந்தாவுக்கு மேலே "இந்த மாசம் ஒரு இருநூறு போடுங்க" என்று தலைவர் கேட்கும்போது, மறுத்தால் அடுத்த மாதம் தன் பிரச்சினைக்கு அவர் வரமாட்டார் என்று ஒருத்தி பயந்து கொடுத்தால், அவர் கேட்ட குரல் எவ்வளவு பணிவாக இருந்தாலும் அது கேட்பு ஆகாது.

அடுத்த சோதனையை "காட்சிக் கெளியன் கடுஞ்சொல்லன் அல்லனேல்" என்ற குறளிலிருந்து எடுக்கலாம். எளிதில் காண முடிகிறதா, கடுமையாகப் பேசாமல் இருக்கிறாரா என்ற இரண்டையும் சோதிக்கத் தோட்டத்திலேயே மிகவும் கீழாக எண்ணப்படும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன் இல்லாத, கைக்காசுக்கு (பதிவில் இல்லாமல் அன்றாடக் கூலிக்கு)க் கொழுந்தெடுக்கும், எந்தச் சங்கத்திலும் சந்தா இல்லாத ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவள் அந்த மனிதரின் வாசலுக்குத் தனியாகப் போக முடியுமா? போனால் "உட்காருங்க" என்பாரா, வாசலிலேயே நிற்க வைத்து "என்னா?" என்பாரா? இதை ஊகிக்க வேண்டியதில்லை, அவளிடமே கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைக்கும் சோதனை, கசப்பான சொல்லைக் காதில் வாங்கும் பழக்கம். "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு" என்கிறது இறைமாட்சி. தெரிவுக்கு முந்திய கூட்டத்தில், அவருடைய பழைய தவறு ஒன்றை மரியாதையோடும் ஆதாரத்தோடும் ஒருவர் எழுந்து சொல்லட்டும். அவர் முகம் சிவப்பது இயல்பு. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சொன்னவர் எந்தக் கட்சி, யார் தூண்டினார்கள் என்று விசாரிக்கத் தொடங்குகிறாரா, சொல்லப்பட்ட விஷயத்துக்குப் பதில் சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள். கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் அந்த மனிதருக்கு மலையில் ஏதாவது தொல்லை வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

சத்தமில்லாத பலம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கோ. நடேசய்யரைச் சொல்ல வேண்டும். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் புகுந்து நிலைமையைக் கண்டறிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரங்கள் எழுதினார், 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை நிறுவினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் உரிமைப் பாடல்களை எழுதிக் கூட்டங்களில் பாடினார். கங்காணிகளும் துரைமாரும் ஒரே பக்கத்தில் நின்றபோது அவரிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. விஷயத்தை நேரில் அறிந்துகொண்டு எழுத்தில் வைத்தார்; துரைமாருக்கு அதுவே பெரிய தொந்தரவாக இருந்தது.

தெரிவும் அதற்குப் பிறகும்

எல்லாச் சோதனையிலும் முழுமையாகத் தேறும் ஒருவர் கிடைக்கமாட்டார். கிடைக்காதபோது, குணத்தையும் குற்றத்தையும் பக்கம் பக்கமாக எழுதி மிகுந்ததைக் கொள்ளுங்கள். அதோடு ஒருவரிடமே எல்லா வேலையையும் கொடுக்கும் வழக்கத்தையும் விடலாம். அலுவலகத்தில் வாதாடத் தெரிந்தவர் தலைவராகட்டும். கணக்கு எழுதத் தெரிந்தவர் பொருளாளராகட்டும். எவருடைய வாசலுக்குப் பெண்கள் தயங்காமல் போவார்களோ அவர் மாதர் தலைவியாகட்டும். மாதர் தலைவியை மாலை போடுவதற்கும் வரவேற்புக்கும் மட்டும் வைத்திருப்பது, மலையில் பெரும்பான்மையாக உழைப்போரைக் கமிட்டிக்கு வெளியே நிறுத்துவதற்குச் சமம். உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. தோட்டக் கமிட்டியில் அதற்குக் குறைவாக ஏற்க எந்த நியாயமும் இல்லை.

தெரிவு முடிந்த பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. பதிவு செய்யப்பட்ட தொழிற்சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட அதன் உறுப்பினருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சந்தா செலுத்தும் ஒவ்வொருவரும் அந்த உரிமையோடுதான் செலுத்துகிறார். பிரதேச சபை உறுப்பினர் "இந்தப் பாதைக்கு நிதி வந்தது, வேலை நடந்தது" என்று சொன்னால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். எந்தப் பாதை, எந்த ஆண்டு, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, ஒப்பந்தக்காரர் யார் என்று குறிப்பாகக் கேளுங்கள். "பாதைகள் பற்றிய விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படியே வரும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ, அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுத்தால் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

நல்லவர் என்று தெளிந்து தெரிவு செய்தவரைப் பற்றி எதிர்க்கட்சி சொல்லும் ஒவ்வொரு வதந்திக்கும் ஆடிப்போவதும் கேடுதான். தேராமல் தெளிவதும், தெளிந்தவனிடம் சந்தேகப்படுவதும் இரண்டும் தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் சேர்த்தே சொன்னார். வதந்தி வந்தால் புத்தகத்தைக் கேளுங்கள், விண்ணப்பத்தை எழுதுங்கள், பதில் வரும் வரை அவருக்கு ஒத்துழையுங்கள். ஆண்டுக்கொரு முறை, திருவிழாக் கணக்கு வாசிக்கும் அதே நாளில், கமிட்டியின் சந்தாக் கணக்கையும், அந்த ஆண்டில் அலுவலகத்தில் எழுப்பிய பிரச்சினைகளின் பட்டியலையும், அவற்றில் எவை தீர்ந்தன எவை தீரவில்லை என்பதையும் கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும் என்று தெரிவுக் கூட்டத்தின் அறிக்கைப் புத்தகத்திலேயே எழுதி, வேட்பாளர்கள் எல்லோரிடமும் வாக்கெடுப்புக்கு முன்பாகவே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.